விட்டுக்கொடுத்தால் விண்ணும் வசமாகும்

"விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அண்ணன் தம்பி சண்டையைத் தீர்த்துவைக்க வீட்டிலே சொல்லும் பேச்சு அது என்றுதான் இதுவரை எண்ணியிருந்தோம். வான்வெளிக்கும் அந்தப் பேச்சுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்தோம். அதையும் ஒரு நாள் தலைகுனிந்து நின்ற பின்னரே அறிந்தோம்.

சென்ற ஆண்டு அறிவியல் கண்காட்சிக்காக ஒன்பதாம் வகுப்பின் இரு பிரிவினரும் விண்வெளி நிலையத்தின் மாதிரியைச் செய்யத் தொடங்கினோம். 'அ' பிரிவினர் தெர்மோகோலில் நிலையத்தின் உடலை மிக அழகாகச் செதுக்கியிருந்தனர். ஆனால் அதில் ஒரு விளக்கும் எரியவில்லை. 'ஆ' பிரிவினராகிய எங்களிடம் பாட்டரியும் ஒயரும் சிறு பல்புகளும் முறையாக இணைக்கப்பட்டுத் தயாராக இருந்தன. அவற்றைப் பொருத்துவதற்கு ஒழுங்கான உடல் இல்லை. "இரண்டையும் சேர்த்து ஒன்றாக வையுங்களேன்" என்றார் சிஸ்டர். சேர்க்கலாம்தான். ஆனால் பெயர்ப் பலகையில் எந்தப் பிரிவின் பெயர் முதலில் வருவது? நான்கு நாட்கள் இதே வழக்கு நடந்தது. ஐந்தாம் நாள் கண்காட்சி வந்துவிட்டது. இரண்டு மேசைகளில் இரண்டு அரைகுறை வேலைகளை வைத்துக்கொண்டு நின்றோம். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு சிறுமி, "ஏன் அக்கா, அதிலே விளக்கு இல்லை, இதிலே வீடு இல்லை?" என்று கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்ல வாய் எழவில்லை.

அதற்குப் பின்னர், உலக நாடுகள் வான்வெளியில் எவ்வாறு கூடி உழைத்தன என்பதைப் படிக்க நூலகத்திற்குச் சென்றோம். நாடுகளின் கூட்டுறவைப் பற்றிப் பேசுவோர் உடன்படிக்கைகளையும், கைகுலுக்கும் படங்களையும், கொடிகளையுமே பெரிதாகச் சொல்கின்றனர். எங்கள் கருத்து வேறு. ஒவ்வொரு நாடும் தனக்குரிய ஒன்றை விட்டுக்கொடுக்க முன்வரும்போதுதான் கூட்டுறவு பிறக்கிறது. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1975-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடந்த அப்போலோ–சோயூஸ் பயணமே போதும்.

அக்காலத்தில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றையொன்று அழிக்கவல்ல அணுகுண்டுகளைக் குவித்துவைத்துக்கொண்டு முறைத்து நின்றன. நிலவை யார் முதலில் தொடுவது என்று போட்டியிட்டவையும் அவையே. அத்தகைய நாடுகளின் சார்பில் நிக்சனும் கொசிகினும் 1972 மே 24 அன்று மாஸ்கோவில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இரு நாட்டு விண்கலங்களும் வான்வெளியில் ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்பது அதில் ஒரு திட்டம். கையெழுத்திடுவது எளிது. வேலையைத் தொடங்கியபோதுதான் தொல்லைகள் தலைகாட்டின.

முதல் தொல்லை காற்று. அமெரிக்கக் கலத்தினுள் தூய ஆக்சிஜன் மட்டும், நாம் நிலத்தில் உணரும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில் இருந்தது. சோவியத் கலத்திலோ நம் வகுப்பறையில் உள்ளது போன்ற நைட்ரஜன் கலந்த காற்று, முழு அழுத்தத்தில் இருந்தது. ஒருவர் இங்கிருந்து அங்கே நேராக நுழைந்தால், இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாக மாறி அவர் உயிருக்கே கேடு விளைவிக்கும். என் காற்றே சிறந்தது என்று இருவரும் பிடிவாதம் பிடித்திருந்தால் அத்துடன் கதை முடிந்திருக்கும். சோவியத் தரப்பினர் தங்கள் கலத்தின் அழுத்தத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டனர். அமெரிக்கர் இரண்டு கலங்களுக்கும் இடையே ஒரு சிறிய அறையைக் கட்டித் தாங்களே சுமந்து சென்றனர். அந்த அறையில் காத்திருந்து, காற்றைச் சரிசெய்துகொண்டு, அதன் பின்னரே அடுத்த வீட்டினுள் கால் வைத்தனர்.

இரண்டாம் தொல்லை கதவு. அதுவரை இருந்த இணைப்புக் கருவிகளில் ஒரு கலம் முளைபோல் நீண்டு நுழையும். மற்றது குழிபோல் நின்று ஏற்கும். நுழைபவர் யார், ஏற்பவர் யார்? மானம் மிகுந்த இரு வல்லரசுகளுக்கிடையே இது சிறிய கேள்வியா? எங்கள் பெயர்ப் பலகைச் சண்டையின் பெரிய வடிவம் இது என்றே சொல்லலாம். பொறியியலாளர்கள் இதற்கு அருமையான வழி கண்டனர். இரு கலங்களிலும் ஒத்த அமைப்புடைய கருவிகளைப் பொருத்தினர். எது வேண்டுமானாலும் முன்சென்று பிடிக்கலாம். எது வேண்டுமானாலும் காத்திருந்து ஏற்கலாம். ஜூலை 17-ஆம் நாள் நடந்த முதல் இணைப்பில் அப்போலோ முன்சென்று பிடித்தது. ஜூலை 19-ஆம் நாள் பிரிந்து மீண்டும் இணைந்தபோது அந்தப் பணியைச் சோயூஸ் செய்தது.

மூன்றாம் தொல்லை மொழி. தத்தம் மொழியில் பேசினால் மற்றவருக்கு விளங்கவில்லை. ஆகவே அமெரிக்கர் ரஷ்ய மொழியில் பேசுவது, ரஷ்யர் ஆங்கிலத்தில் பேசுவது என்று வைத்துக்கொண்டனர். கேட்பவனின் மொழியில் பேசுவது எவ்வளவு பெரிய பணிவு என்பதை எண்ணிப் பாருங்கள்! தாய்மொழியில் தவறின்றிப் பேசவல்ல வீரர்கள், உலகமே கேட்டுக்கொண்டிருக்கையில் அயல்மொழியில் தடுமாறத் துணிந்தனர். அமெரிக்கத் தளபதி ஸ்டாஃபோர்டின் ரஷ்ய உச்சரிப்பைச் சோவியத் தளபதி லியோனவ் கேலி செய்வாராம். ஸ்டாஃபோர்டு ஓக்லஹோமா மாநிலத்துக்காரர். ஆகவே அவர் பேசுவது ரஷ்ய மொழியன்று, 'ஓக்லஹோம்ஸ்கி' மொழி என்பது அந்தக் கேலி. அவ்விருவரும் கதவைத் திறந்து கைகுலுக்கினர். தனித்தனிப் பாதிகளாக எடுத்துச் சென்ற நினைவுப் பதக்கத்தை ஒன்றாகப் பொருத்தினர். இரண்டு பாதிகளைத் தனித்தனியே வைத்துக்கொண்டு நின்ற எங்களுக்கு இதைப் படித்தபோது சுருக்கென்றது.

"இதெல்லாம் வெறும் காட்சி. இதனால் போர் நின்றதா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். நிற்கவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் புகுந்தன. பகைமை முன்னிலும் கூடியது. இரு நாட்டுக் கலங்களும் மறுபடி இணைவதற்கு இருபது ஆண்டுகள் ஆயின. ஆயினும் ஒருமுறை கற்றுக்கொண்டது வீணாகவில்லை. 1995 ஜூன் 29 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிஸ் ஓடம் ரஷ்யாவின் மிர் நிலையத்துடன் இணைந்தபோது பயன்பட்ட கருவி, 1975-இல் உருவாக்கியதன் வழிவந்ததே. 1998-இல் அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடா மற்றும் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்தைக் கட்டத் தொடங்கின. அதன் முதற்பகுதியான சார்யாவைக் கட்டியது ரஷ்யா. அதற்குப் பணம் தந்தது அமெரிக்கா. 2000 நவம்பர் 2-ஆம் நாள் முதல் அந்த வீட்டில் ஆள் இல்லாத நாளே இல்லை.

அந்த வீடும் சோதனையைச் சந்தித்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. கீழே தலைவர்கள் கடுஞ்சொற்களை வீசிக்கொண்டிருந்தபோதும், அவ்வாண்டிலேயே அமெரிக்கரான ஃபிராங்க் ரூபியோ ரஷ்யக் கலத்திலும், ரஷ்யப் பெண்மணி அன்னா கிகினா அமெரிக்கக் கலத்திலும் நிலையத்திற்குச் சென்றனர். டிசம்பரில் ரூபியோ வந்த சோயூஸ் கலத்தில் குளிரூட்டும் நீர்மம் கசிந்தது. அவசரம் நேர்ந்து மூவரும் அதில் திரும்பினால் உள்ளே வெப்பம் மிகுந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. ஆகவே ரூபியோவின் இருக்கை விரிப்பை எடுத்து, அங்கே நின்றிருந்த அமெரிக்க டிராகன் கலத்தில் பொருத்தினர். ஒருவர் அங்கே மாறினால் ரஷ்யத் தோழர் இருவருக்கும் தங்கள் கலம் தாங்கும் என்பதே கணக்கு. 2023 பிப்ரவரியில் ரஷ்யா மாற்றுக் கலம் அனுப்பியது; செப்டம்பரில் மூவரும் அதிலே நலமாகத் தரையிறங்கினர். கூட்டுறவு போரை நிறுத்தவில்லை என்பது உண்மை. போரும் அந்தக் கூட்டுறவைக் கலைக்க முடியவில்லை என்பதும் உண்மையன்றோ!

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்திய வான்வெளிப் பயணமே விட்டுக்கொடுத்தலில்தான் தொடங்கிற்று. பூமியின் காந்த நடுக்கோட்டின் அருகே இருப்பதால், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா ராக்கெட் ஆராய்ச்சிக்கு ஏற்ற இடமாக அமைந்தது. ஆனால் அங்கே மீனவ மக்களின் வீடுகளும் புனித மகதலேன் மரியாள் ஆலயமும் இருந்தன. விக்ரம் சாராபாய் வந்து கேட்டபோது ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா இசைந்தார். மக்களும் இடம் பெயர்ந்தனர். ஆலயமும் ஆயரில்லமும் விஞ்ஞானிகளின் பணியிடங்களாயின. நம் இராமேசுவரத்து அப்துல் கலாமும் அங்கே பணியாற்றியவரே. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்கா தந்தது. அதனுள் இருந்த சோடியக் கருவி பிரான்சு தந்தது. நிலம் நம் மீனவர் தந்தது. 1968 பிப்ரவரி 2 அன்று அந்நிலையம் ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

வாங்கிய கை பின்னர் கொடுக்கவும் கற்றது. 2008-இல் நாம் நிலவுக்கு அனுப்பிய சந்திரயான்-1 கலத்தில் பதினொரு கருவிகள் இருந்தன. அவற்றுள் ஐந்து நம்முடையவை. ஆறு பிற நாட்டாருடையவை. "நம் கலத்தில் அவர்களுக்கு ஏன் இடம்?" என்று கேட்டிருக்கலாம். ஆனால் அந்த ஆறனுள் ஒன்றான அமெரிக்கக் கருவிதான் நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகள் இருப்பதைக் காட்டிற்று. 2009 செப்டம்பரில் அச்செய்தி வெளிவந்தபோது இந்தியாவின் பெயரும் உலகெங்கும் ஒலித்தது. இடம் கொடுத்ததனால் நாம் எதை இழந்தோம்?

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எங்கள் கருத்து முழுமை பெறாது. விட்டுக்கொடுப்பது ஒருவர் பக்கமாகவே இருத்தல் தகாது. அப்போலோ–சோயூஸில் இருவரும் கொடுத்தனர். தும்பாவிலோ ஏழை மீனவரே பெரிதும் கொடுத்தனர். தாய் தந்தையர் மணம் முடித்த ஆலயத்தை, வலை உலர்த்திய மணலைக் கொடுத்தனர். ராக்கெட்டின் பெயரையும் விஞ்ஞானிகளின் பெயர்களையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் நமக்கு, அக்குடும்பங்களில் ஒன்றின் பெயராவது தெரியுமா? நாடுகள் கூடி வான்வெளியில் பெறும் பெருமையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அதை மறப்பது நன்றியுடைமை ஆகாது.

அதேபோல், கதவை அடைத்துவிட்டுக் கூட்டுறவைப் பற்றிப் பேசுவதும் பொருந்தாது. சிறப்பு அனுமதியின்றிச் சீனாவுடன் நாசா நேரடியாகக் கூடிப் பணியாற்றலாகாது என்று 2011-இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. தொழில்நுட்ப இரகசியங்கள் களவுபோகும் என்பது அவர்கள் அச்சம். அச்சத்திற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் 1975-இல் அச்சம் இதனினும் குறைவாகவா இருந்தது? சீனாவோ தனக்கென ஒரு நிலையத்தைக் கட்டி, 2022-இல் அதன் மூன்று பகுதிகளையும் இணைத்து முடித்தது. இன்று பூமியைச் சுற்றி இரண்டு நிலையங்கள், ஒன்றோடொன்று பேசாமல் சுழன்றுகொண்டிருக்கின்றன. எங்கள் இரண்டு மேசைகள்தாம் நினைவுக்கு வருகின்றன. இரகசியத்தைக் காத்துக்கொள்ளட்டும், ஆபத்தில் ஒருவர்க்கொருவர் உதவும்படி கதவுகளையாவது பொருத்தமாகச் செய்துகொள்ளலாகாதா? வான்வெளியில் தத்தளிக்கும் வீரனுக்குத் தேவை திறக்கும் கதவு ஒன்றே. அதன்மேல் எந்தக் கொடி வரைந்திருக்கிறது என்பது அவனுக்குப் பொருட்டாகாது.

உலகத் தலைவர்களுக்கு அறிவுரை சொல்லப் பதினைந்து வயதுப் பெண்களாகிய எங்களுக்கு என்ன தகுதி என்று பெற்றோர் சிலர் புன்னகை செய்யக்கூடும். தகுதி இல்லைதான். ஆகையால் எங்களிடமிருந்தே தொடங்கினோம். இவ்வாண்டுக் கண்காட்சியில் இரு பிரிவினரும் ஒரே மேசையில் ஒரே மாதிரியை வைத்தோம். 'அ' பிரிவின் பெயரை நாங்கள் எழுதினோம். எங்கள் பெயரை அவர்கள் எழுதினர். முதல் நாள் அவர்கள் பெயர் மேலே இருந்தது. இரண்டாம் நாள் எங்கள் பெயர் மேலே இருந்தது. சண்டை முற்றிலும் ஓய்ந்துவிட்டது என்று சொன்னால் சிஸ்டர் நம்பமாட்டார். விளக்கின் பொத்தானை யார் அழுத்துவது என்று ஒரு சிறு பூசல் எழத்தான் செய்தது. ஆனால் விளக்கு எரிந்தது.

அன்புத் தோழியரே! நம்முள் சிலர் நாளை பொறியியலாளராகலாம். ஒருத்தி விண்வெளிக்கே செல்லலாம். அவ்வளவு உயரம் செல்வதற்கு முன், அடுத்த பிரிவின் மேசைவரை நடக்கக் கற்றுக்கொள்வோம். கேட்பவரின் மொழியில் பேசவும், முறை வரும்போது பின்னிற்கவும், நமக்காக இடம் கொடுத்தவரை மறவாதிருக்கவும் இப்பள்ளி நாட்களிலேயே பழகுவோம். பாட்டிமார் சொன்னது வீட்டிற்கு மட்டுமன்று, விண்ணிற்கும் பொருந்தும்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு