வாசலில் ஒரு ரோஜாப் புதர்

"பூ சோறு போடுமா?" என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

இங்கிலாந்திலும் இருக்கிறார்கள்.

அங்கே வீட்டுக்கு முன்னால் சின்னத் தோட்டம் வைப்பது பழைய வழக்கம். தெருவில் நடந்து போகிறவர்கள் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பூவைப் பார்த்துக்கொண்டே போகலாம். இப்போது அந்தத் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. மண்ணை மூடிச் சிமெண்டு போட்டுவிட்டார்கள், கல் பதித்துவிட்டார்கள். ரோஜா நின்ற இடத்தில் கார் நிற்கிறது!

இது நல்லதுதானா?

நல்லது அல்ல என்பதே நம் கருத்து. அதற்குச் சாட்சியாக ஒரு ரோஜாச் செடியையே அழைப்போம்.

மகளின் பெயர்

அந்த ரோஜாவின் பெயர் கிளேர் ஆஸ்டின்.

மொட்டாக இருக்கும்போது இளம் எலுமிச்சை மஞ்சள். விரிந்துவிட்டால், காய்ச்சிய பாலின் மேல் படிந்த ஆடையின் நிறம். பூ கிண்ணம் போல இருக்கும். அதற்குள் இதழ்கள் அடுக்கடுக்காக நெருங்கி நிற்கும். பூவின் கனம் தாங்காமல் காம்பு சற்றே வளையும். புது மணப்பெண் தலை குனிந்து நிற்பது போல இருக்கும்!

வாசனையும் தனி ரகம். வெள்ளைப்போளத்தின் வாசனை என்று ரோஜா வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அது சோம்பின் மணத்தை நினைவூட்டும்.

இதை உண்டாக்கியவர் டேவிட் ஆஸ்டின். ஷிராப்ஷைர் மாவட்டத்தில் ஒரு விவசாயியின் மகனாக 1926-ம் ஆண்டு பிறந்தவர். அவருக்கு ஒரு குறை இருந்தது.

பழைய காலத்து ரோஜாக்களுக்கு வாசனை உண்டு. இதழும் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கோடையில் ஒரு முறைதான் பூக்கும். 1867-ம் ஆண்டில் 'லா பிரான்சு' என்ற ரோஜா வந்தது. அதைத் தொடர்ந்து புதிய இனம் பரவியது. புதிய ரோஜாக்கள் பல மாதம் பூத்தன. ஆனால் செடி விறைப்பாக நின்றது. பல வகைகளில் வாசனையும் குறைந்துபோனது.

நாகரிகம் புதியதன் பின்னால் ஓடியது. பெரிய தோட்டங்கள் பழைய செடிகளைக் கைவிட்டன. சின்னஞ்சிறு வீடுகளின் தோட்டங்களில் அவற்றில் பல உயிர் பிழைத்தன.

"பழையதன் மணமும் வேண்டும், புதியதன் பூப்பும் வேண்டும். இரண்டும் ஒரே செடியில் வராதா?" ஆஸ்டினின் மனதில் எழுந்த கேள்வி இதுதான்.

பழைய ரோஜாவையும் புதிய ரோஜாவையும் சேர்த்தார். 1961-ம் ஆண்டில் 'கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை' என்ற இளஞ்சிவப்பு ரோஜா வெளிவந்தது. மணம் இருந்தது, அழகு இருந்தது. ஆனால் அதுவும் ஆண்டுக்கு ஒரு முறைதான் பூத்தது!

அவர் சோர்ந்துவிடவில்லை. மேலும் மேலும் கலந்து பார்த்தார். திரும்பத் திரும்பப் பூக்கும் வகைகளை 1969-ம் ஆண்டில் கொண்டுவந்தார். 1983-ம் ஆண்டு லண்டன் செல்சி மலர்க் காட்சியில் அவருடைய ரோஜாக்கள் பெரும் புகழ் பெற்றன.

பாலாடை நிற ரோஜா 2007-ம் ஆண்டில் வந்தது. அப்போது அவர் எண்பது வயதைத் தாண்டியவர். அதற்குத் தம் மகளின் பெயரைச் சூட்டினார். 2018-ம் ஆண்டில், 92-வது வயதில் அவர் காலமானார். மகளின் பெயர் தாங்கிய பூ ஆண்டுதோறும் பூக்கிறது.

ஏழையின் தோட்டம்

இந்த ரோஜாவை அங்கே 'குடிசைத் தோட்டம்' என்ற முறையில் வளர்க்கிறார்கள். பெயரைக் கவனியுங்கள். மாளிகைத் தோட்டம் அல்ல, குடிசைத் தோட்டம்!

அந்நாளில் பண்ணைக் கூலிகள் குடிசையைச் சுற்றி இருந்த கொஞ்சம் மண்ணில் உருளைக்கிழங்கு போட்டார்கள். முட்டைக்கோஸ் போட்டார்கள். மருந்துக்கு மூலிகை வைத்தார்கள். தேன்கூடு வைத்தார்கள். இடையில் கிடைத்த சந்தில் பூச்செடி நட்டார்கள். பாத்தி என்றும் வரிசை என்றும் பார்க்கவில்லை. கீரைக்குப் பக்கத்தில் பூ, பூவுக்குப் பக்கத்தில் அவரை என்று எல்லாம் கலந்து வளர்ந்தன.

பிறகு கெர்ட்ரூட் ஜீக்கில் (1843-1932) என்ற பெண்மணி வந்தார். தோட்டக் கலையில் பெயர் பெற்றவர். அவர் குடிசைத் தோட்டங்களைக் கூர்ந்து பார்த்தார். அந்த அழகைச் செல்வர்களின் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்.

ஏழையிடம் பணக்காரன் பாடம் படித்தான்!

"பூ சோறு போடுமா?" என்ற கேள்விக்கு அந்தக் கூலிக்காரன் அன்றே பதில் சொல்லிவிட்டான். சோறு போட்ட மண்ணிலேயே அவன் பூவுக்கும் ஓர் இடம் விட்டான். வயிறு நிறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் காத்திருக்கவில்லை.

எப்படி வளர்ப்பது?

உங்கள் மகனோ மகளோ அந்த நாட்டில் குடியிருக்கலாம். அவர்களுக்கு இதை எழுதி அனுப்புங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை, செடி தூங்கும் காலத்தில், மண் ஒட்டாத வெறும் வேருடன் செடி விற்பார்கள். விலை குறைவு. மண் உறைந்திராத நாளாகப் பார்த்து நட வேண்டும். நடுவதற்கு முன் 2 மணி நேரம் வேரைத் தண்ணீரில் ஊற வையுங்கள்.

நாளில் 4 மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். வேறு ரோஜா நெடுங்காலம் நின்ற குழியில் புதிய ரோஜாவை வைக்காதீர்கள். அங்கே புதுச்செடி தேறுவது கடினம்.

வேர் தாராளமாக விரியும் அளவுக்குக் குழி தோண்டுங்கள். மக்கிய எருவை மண்ணில் கலந்து போடுங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்குள் 2 அங்குலம் புதைந்திருக்கட்டும். நட்டதும் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் கோடையில் தண்ணீர் காட்ட மறக்கவே கூடாது.

புதராக விட்டால் சுமார் 4 அடி உயரம் வளரும். சுவரில் ஏற்றிக் கட்டினால் சுமார் 8 அடி வரை போகும்.

பக்கத்தில் லாவண்டர், பாக்ஸ்குளோவ் போன்ற செடிகளை வைக்கலாம். நீலமும் ஊதாவும் சூழ்ந்து நின்றால் பாலாடை நிறம் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஆனால் ரோஜாவின் காலடியை நெருக்காதீர்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் இலையில் கரும்புள்ளி நோய் வரும்.  பாக்ஸ்குளோவ் நஞ்சுள்ள செடி. குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அசுவினிப் பூச்சியைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். விரலால் தேய்த்து விடலாம். பொறிவண்டு வந்து மிச்சத்தைத் தின்னும்.

வாடிய பூவை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். அடுத்த மொட்டு சீக்கிரம் வரும். குளிர்காலம் முடியும் தறுவாயில், மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கவாத்து செய்யுங்கள்.

அவசரம் வேண்டாம்

குறையையும் சொல்லிவிட வேண்டும். வெளிர் நிற ரோஜாவுக்கு மழை பகை. நெருங்கிய இதழ்களுக்குள் ஈரம் தங்கினால் மொட்டு விரியாமலே அழுகும். விரிந்த பூவில் பழுப்புப் புள்ளி விழும். கெட்ட மொட்டைக் கிள்ளி எறிந்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

முதல் ஆண்டில் சில பூக்களே வரும். தண்டு மெலிந்திருக்கும். "காசு வீண்!" என்று சிலர் பிடுங்கி எறிவார்கள். அது தவறு. முதலில் செடி மண்ணுக்கு அடியில் வேலை செய்கிறது. மூன்றாவது ஆண்டில்தான் அதன் உண்மையான உருவம் தெரியும்.

உண்டாக்கியவர் தம் வாழ்நாளையே கொடுத்தார். வளர்ப்பவர் மூன்று ஆண்டு கொடுக்கக் கூடாதா?

கார் எங்கே நிற்கும்?

"எல்லாம் சரி. கார் எங்கே நிற்கும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெருவில் இடம் கிடைப்பதில்லை. நடக்க முடியாத முதியவருக்கு வண்டி வாசலில்தான் வந்து நிற்க வேண்டும்.

ஆனால் மண்ணை முழுவதும் மூடினால் என்ன ஆகும்? மழை நீர் உள்ளே இறங்காது. தெருவுக்கு ஓடும். சாக்கடை பொங்கும். 2007-ம் ஆண்டு கோடையில் இங்கிலாந்தைப் பெரும் வெள்ளம் தாக்கியது. மறு ஆண்டே சட்டம் வந்தது. வீட்டின் முன்புறத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல், தண்ணீர் இறங்காதபடியும் வடிய வழி இல்லாதபடியும் தளம் போடுவதானால், அனுமதி பெற வேண்டும்.

ஆகவே பூந்தோட்டம் வெறும் ஆடம்பரம் அல்ல. அது மழையைக் குடிக்கும் மண்!

காரின் சக்கரம் ஓடும் இரண்டு தடங்களுக்கு மட்டும் கல் பதித்தால் போதும். மீதி இடத்தை மண்ணாகவே விட்டுவிடலாம். ஓரத்தில் ஒரு சதுர கெஜம் ஒதுக்கினால், ஒரு ரோஜாப் புதர் நிற்கும்.

அதன் பூ வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமல்ல. பள்ளிக்குப் போகும் பிள்ளை பார்க்கும். வேலை முடிந்து களைத்து வருபவர் பார்ப்பார். வீட்டை விட்டு வெளியே போக முடியாத பாட்டி சன்னல் வழியாகப் பார்ப்பாள். அந்தத் தெருவுக்கே அது சொந்தம்.

கூலிக்காரன் தன் குடிசை வாசலில் பூவுக்கு இடம் விட்டான். கார் வாங்கும் அளவுக்கு உயர்ந்துவிட்டவர்கள், அந்த ஒரு கெஜத்தை மூடலாமா?

மூட வேண்டாம். நடுங்கள்!