பத்து நிமிடம் யாருடையது?

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன் ஒருவன்)

காலை ஒன்பதே கால் மணிக்கு நம் கல்லூரி வாயிலில் நின்று பார்த்தால் ஒன்று விளங்கும். நகரப் பேருந்தில் வந்து இறங்குவோர் ஒரு பங்கு என்றால், வேனிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்து இறங்குவோர் மற்றொரு பங்கு. பேருந்தே போகாத ஊர்களிலிருந்தும், போனாலும் நேரத்துக்கு வராத ஊர்களிலிருந்தும் நம்மைக் கொண்டுவந்து சேர்ப்பவை இந்தச் சிறு வண்டிகளே. இன்று நாம் ஏறிவந்த வண்டியின் சக்கரத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? ஓட்டுநராவது பார்த்தாரா என்று எத்தனை பேர் கேட்டோம்?

நான் கேட்டதில்லை. அதுமட்டுமன்று, பார்த்தவர் ஒருவரைக் கடிந்தும் கொண்டிருக்கிறேன். அவர் என் தந்தை.

என் தந்தை இளமையில் லாரியில் கிளீனராக இருந்தவர். வண்டி எங்கே நின்றாலும் இறங்கிப் போய் இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டி ஓசை கேட்பது கிளீனரின் முதல் வேலை. காற்று இருக்கும் டயர் ஒருவிதமாகவும் இறங்கிய டயர் வேறுவிதமாகவும் ஒலிக்கும். பிற்காலத்தில் எங்கள் ஊரிலிருந்து மாணவர்களை ஏற்றிவரும் வேனை ஓட்டியபோதும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. விடியற்காலையில் டயர்களைச் சுற்றிப் பார்ப்பார். சக்கரத்து நட்டுகளிலிருந்து துருக்கோடு ஓடியிருக்கிறதா என்று நோக்குவார்; ஓடியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கக்கூடும். தேநீர்க் கடைச் சுவருக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்தி, பிரேக்கை மிதித்து, சுவரில் சிவப்பு ஒளி விழுகிறதா என்று கண்ணாடியில் பார்ப்பார். மிதியை அழுத்தியபடியே சிறிது நேரம் இருப்பார். மிதி நின்ற இடத்தில் நின்றால் நல்லது. மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ எண்ணெய் கசிகிறது என்று பொருள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்.

நான் முதலாண்டு படித்தபோது, பருவத் தேர்வு நாளன்று, மிதி கீழே இறங்கியது.

வேனில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தோம். தந்தை இறங்கி வந்து, "வண்டி நகராது. டவுன் பஸ்ஸைப் பிடிச்சுப் போங்க," என்றார். உடனே கூச்சல் எழுந்தது. "அண்ணே, பரீட்சைங்கண்ணே!" என்று கெஞ்சினாள் ஒருத்தி. மற்றவர்கள் முன் எனக்கு வெட்கமாகிவிட்டது. "ஒரு நாள்தானேப்பா, மெதுவா ஓட்டுங்களேன்," என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னவன் நான்தான். அவர் கோபப்படவில்லை. "இறக்கத்துல நிக்காது கண்ணு," என்று மட்டும் சொன்னார்.

இருபது நிமிடம் தாமதமாகத் தேர்வறைக்குள் நுழைந்தோம். அன்று மாலை மெக்கானிக் பின் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே சிலிண்டர் கசிந்து பிரேக் எண்ணெயில் ஊறியிருந்தது. இதைக் கேட்ட உரிமையாளர் என் தந்தையைப் பாராட்டினாரா? அன்றைய கூலியைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் வேனுக்கு வேறு ஓட்டுநர் வந்துவிட்டார். நேரத்துக்கு எடுக்காத ஓட்டுநர் வேண்டாம் என்று சொன்னவர்களில் எங்களோடு பயணம் செய்த சிலரும் இருந்தனர் என்பதைப் பின்னர் அறிந்தேன். என் தந்தை இப்போது பிறருடைய ஆட்டோவை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்.

அதன் பிறகுதான் இது பற்றிச் சிந்திக்கத் தொடங்கினேன்.

"அதற்குத்தான் தகுதிச் சான்று இருக்கிறதே!" என்று நண்பர்கள் சொல்வதுண்டு. எட்டு ஆண்டு வரையிலான வாடகை வண்டிக்கு அந்தச் சான்று ஈராண்டுக்கு ஒரு முறை. அதற்கு மேற்பட்ட வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறை. ஈராண்டு என்பது 730 காலைப் பொழுதுகள். சான்று பெற்ற மறுநாளே டயரில் ஆணி ஏறலாம், குழாய் கசியலாம். 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்து ஒன்றின் தரைத்தளத்தில் இருந்த ஓட்டை வழியே ஒரு பள்ளிச் சிறுமி விழுந்து மாண்டதை நாடு மறக்கவில்லை. அதன் பின்னரே அவ்வாண்டு பள்ளி வாகனங்களுக்கெனத் தமிழக அரசு சிறப்பு விதிகள் வகுத்தது. பள்ளி திறக்குமுன் ஆண்டுதோறும் அதிகாரிகள் சோதிக்கிறார்கள். நல்லதே. ஆனால் ஓட்டை விழும் நாளை எந்த அதிகாரியும் முன்கூட்டி அறிய முடியாது. அன்று காலை வண்டியைச் சுற்றி வருபவர்தாம் அறிய முடியும்.

சட்டமும் இதை உணர்ந்தே இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, ஓட்டுபவருக்குத் தெரிந்த குறையை மட்டும் குற்றமாகக் கருதவில்லை. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறையையும் சேர்த்தே சொல்கிறது. ஓட்டச் செய்தவரும், ஓட்ட அனுமதித்தவரும் அதில் அடங்குவர். அதாவது, "நான் பார்க்கவில்லை" என்பது விடையாகாது.

நாம் படிக்கும் பாடத்தைக் கொண்டே கணக்கிடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. நல்ல பிரேக் நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் அந்த வேகத்தைக் குறைக்குமானால் வண்டி 28 மீட்டரில் நிற்கும். பிரேக்கின் வலு பாதியானால் 56 மீட்டர் வேண்டும். அந்த மிகுதி 28 மீட்டருக்குள் யார் நிற்கிறார் என்பதுதான் கேள்வி.

அப்படியானால் ஓட்டுநர்கள் ஏன் பார்ப்பதில்லை? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படி எண்ணவில்லை. லாரியில் கிளீனர் என்று இரண்டாவது ஆள் உண்டு. நம் வேனிலும் ஆட்டோவிலும் ஓட்டுநர் தனி ஆள். அவருக்குக் கூலி நடைக்கு, சோதனைக்கு அன்று. குறை கண்டால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் அன்று வீட்டில் உலை கொதிக்காது. காணாமலிருந்தால் பெரும்பாலான நாள்களில் ஒன்றும் நேராது. எந்த மனிதன் தன் சோற்றைக் கெடுக்கும் குறையைத் தானே தேடிப் போவான்?

ஒவ்வொரு வண்டியிலும் ஒரு நோட்டு வைத்து, டயர், நட்டு, பிரேக், ஸ்டியரிங், விளக்கு, துடைப்பான், கதவுத் தாழ்ப்பாள் என்று நாள்தோறும் பார்த்துக் கையெழுத்திடச் செய்யலாம் என்பார்கள். நானும் அதை ஏற்கிறேன். ரயில் புறப்படுமுன் பிரேக் சோதித்துச் சான்று எழுதிக் கொடுக்கிறார்கள் அல்லவா? ஆனால் கூலிக்கு உறுதி இல்லாத இடத்தில் அந்த நோட்டு தேநீர்க் கடையில் உட்கார்ந்தபடியே நிரப்பப்படும். ஆகையால் முதலில் வேண்டியது, குறை கண்டு வண்டியை நிறுத்திய ஓட்டுநருக்கு அன்றைய கூலி குறையாது என்ற உரிமையாளரின் உறுதி. நோட்டு அதற்குப் பிறகே பயன் தரும்.

ஆயுத பூசையன்று உரிமையாளர்களே வண்டியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். அந்தப் பக்தியை நான் குறை கூறவில்லை. பழம் வைக்கக் குனியும்போது டயர் தேய்ந்திருப்பதையும் கண் காணட்டும் என்பதே என் வேண்டுகோள். வேனின் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. அதைக் காண ஆண்டுக்கொரு நாள் போதுமா?

நண்பர்களே! உரிமையாளர்மீதும் அரசின்மீதும் மட்டும் பழியைச் சுமத்திவிட்டு நாம் தப்ப முடியாது. "சீக்கிரம் எடுங்கண்ணே" என்று அவசரப்படுத்தும் குரல் நம்முடையது. பத்து நிமிடம் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்பினால் அந்த நேரத்தை ஓட்டுநருக்குக் கொடுக்க நம்மால் முடியும். நம் நாட்டு நலப்பணித் திட்ட அணி, வட்டாரப் போக்குவரத்து அலுவலரையும் ஊர் மெக்கானிக்குகளையும் அழைத்து, பருவத் தொடக்கத்தில் வாயிலிலேயே ஒருநாள் வாகனச் சோதனை முகாம் நடத்தலாம். தண்டிப்பதற்காக அன்று, காட்டிக் கற்பிப்பதற்காக. பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் வரும் ஜூனிலேயே நடக்கும்.

மேலும் ஒரு சிறு வேண்டுகோள். வண்டி பழுதாகி நின்ற நாளில், ஓட்டுநரின் கடிதம் கொண்டுவரும் மாணவரைத் தேர்வறையிலும் வகுப்பிலும் கடிந்துகொள்ளாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். தாமதத்துக்கு அஞ்சும் மாணவன்தான் ஓட்டுநரை விரட்டுகிறான். நான் விரட்டினேன்.

அன்று தேர்வில் எனக்கு ஒரு வினா எழுத நேரமில்லாமல் போயிற்று. அதற்காக ஒரு வாரம் தந்தையோடு பேசாமலிருந்தேன். அவரோ இன்றும் விடியலில் வாடகை ஆட்டோவின் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டே கிளம்புகிறார். பத்து நிமிடம் பிந்தினால் முதல் சவாரி போய்விடுகிறது. அந்த இழப்பை அவர் ஒருவரே தாங்குகிறார். அதை நாம் அனைவரும் பங்கிட்டுக்கொள்ளக் கூடாதா?