துப்பாக்கிக்குப் பழைய கதை... பம்புக்குப் புது லைசென்ஸ்!

இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்கு ஒரு பம்பு போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடும் அமிலம் பட்டாலும் அரிக்காத ஸ்பெஷல் பம்பு. 2020 டிசம்பர் 31 வரை அதை அனுப்ப ஏற்றுமதி லைசென்ஸ் தேவைப்படவில்லை. மறுநாளிலிருந்து தேவை. பம்பு அதேதான், வாங்குபவரும் அவரேதான். ஆனால், ஐரோப்பிய யூனியன் என்ற கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிட்டன் தனிக்குடித்தனம் போய்விட்டது.

2016-ல் நடந்த வாக்கெடுப்பின்படி 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் யூனியனை விட்டு வெளியேறியது. அதன்பிறகும் 11 மாதங்கள் பழைய விதிகளே தொடர்ந்தன. அந்த அவகாசம் முடிந்தபோதுதான் மாற்றம் உறைத்தது.

பம்புக்கு எதற்கு லைசென்ஸ்?

மருந்து ஃபேக்டரிக்கு உதவும் இந்த பம்பு, விஷவாயு தயாரிக்கவும் உதவும். பால்பாயின்ட் பேனா மையில் பயன்படும் தையோடைகிளைக்கால் என்ற ரசாயனத்திலிருந்து மஸ்டர்டு வாயுவைத் தயாரிக்க முடியும். இப்படி நல்லதுக்கும் கெட்டதுக்கும் பயன்படுபவை 'இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்கள்'. வாசனார் உடன்பாடு, ஆஸ்திரேலியா குரூப் போன்ற சர்வதேச அமைப்புகள் இவற்றைப் பட்டியல் போட்டுள்ளன. இந்தியாவும் இவற்றில் உறுப்பினர். நம் நாட்டில் இதற்கான பட்டியலின் பெயர் 'ஸ்கோமெட்'.

அப்போ துப்பாக்கி?

இங்கேதான் ஆச்சர்யம். யூனியனுக்குள் இருந்தபோதும், ராணுவத் தளவாடங்களை பாரிஸுக்கோ பெர்லினுக்கோ அனுப்ப பிரிட்டன் நிறுவனங்கள் லைசென்ஸ் வாங்கத்தான் வேண்டும். ஆயுத விற்பனையை ஒவ்வொரு நாட்டு அரசும் தன் கையிலேயே வைத்திருந்தது. அதனால் பிரிவு அங்கே பெரிய மாற்றத்தைத் தரவில்லை. பெரும்பாலும் தடையில்லாமல் போய்வந்த இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்களுக்குத்தான் புதிதாகக் கதவு போடப்பட்டது.

கதவைத் திறக்க ஒரு பொதுச் சாவியையும் பிரிட்டன் கொடுத்தது. யூனியன் நாடுகளுக்கு அனுப்புவதற்கான பொது லைசென்ஸ் அது. ஆன்லைனில் ஒருமுறை பதிவுசெய்தால் போதும், பட்டியலில் உள்ள பெரும்பாலான பொருள்களை அனுப்பலாம். யூனியனும் அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளுக்கான தன் பொது அனுமதியில் பிரிட்டனைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் யாருக்கு, எதை, எப்போது அனுப்பினோம் என்று கணக்கு வைக்க வேண்டும். அதிகாரிகள் வந்து சோதிப்பார்கள்.

சுங்க வரி விஷயத்தில் இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. சிறு நிறுவனங்கள் உஷாராக இருக்க வேண்டிய இடம் இதுதான். வரி இல்லை என்பதால் லைசென்ஸும் வேண்டாம் என்று ஆகிவிடாது. தெரிந்தே விதியை ஏய்த்தால் 10 ஆண்டுகள் வரை சிறை.

வட அயர்லாந்தில் இன்னொரு வேடிக்கை. பிரிட்டனின் பகுதியாக இருந்தாலும், அங்கே யூனியனின் இரட்டைப் பயன்பாட்டு விதிகளே தொடர்கின்றன. அதனால் அதே பம்பை பெல்ஃபாஸ்ட்டிலிருந்து டப்ளினுக்கு அனுப்ப லைசென்ஸ் வேண்டாம். லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். லிவர்பூலிலிருந்து நேராக டப்ளின் என்றால் மட்டும் வேண்டும்!

வெறும் பேப்பர் வேலையா?

இல்லை என்பதற்கு பிரிட்டனிலேயே சாட்சி உண்டு. கவென்ட்ரியில் இருந்த மேட்ரிக்ஸ் சர்ச்சில் நிறுவனம், 1980-களின் இறுதியில் ஈராக்குக்கு இயந்திரங்களை விற்றது. பீரங்கிக் குண்டு செய்யவும் பயன்படக்கூடியவை அவை. நிர்வாகிகள் மூவர் மீது வழக்கு பாய்ந்தது. அரசுத் தரப்புக்கே விஷயம் முன்பே தெரியும் என்று அம்பலமானதால், 1992-ல் வழக்கு சரிந்தது. அதை விசாரித்த ஸ்காட் அறிக்கை 1996-ல் வெளியானது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939-ல் அவசரத்துக்குப் போட்ட சட்டத்தை வைத்தே அதுவரை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி வந்தார்கள். அதற்கு மாற்றாக வந்ததுதான், இன்றும் அமலில் இருக்கும் 2002-ம் ஆண்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம்.

லிவர்பூல் வியாபாரிக்கு இது கூடுதல் தலைவலிதான். ஆனாலும் அந்தப் படிவம் கேட்கும் கேள்வி நியாயமானது: 'இந்தப் பொருள் யார் கைக்குப் போகிறது... எதற்காக?'