மனநோய் வைத்தியத்திற்குப் பதில் சொல்லும் மந்திரி யார்?

மேட்டூரில் திறந்த தண்ணீர் காரைக்கால் வயலுக்கு வந்து சேருவதற்குள் எத்தனை மதகுகளைத் தாண்ட வேண்டும் என்பதை நமது விவசாயத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுவை மாநிலத்திற்கு 7 டி.எம்.சி. என்று எழுதி வைத்தது. எழுத்தில் இருப்பது வாய்க்காலில் வந்ததா என்று வருஷந்தோறும் கரையில் நின்று பார்க்கிறவர்கள் நாம்தான். வைத்தியத்திலும் நாம் கடைமடைதான். அதிலும் மனநோய் வைத்தியம் என்றால் கேட்கவே வேண்டாம்.

நடவுக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இரவுத் தூக்கம் போய்விடுகிறது. வேலையில்லாத மாதத்திலும் வாரத் தவணைக்காரன் வாசலில் நிற்கிறான். பேச்சுக் குறைகிறது, சோறு இறங்கவில்லை, குழந்தையைக்கூடக் கவனிக்க முடியவில்லை. “சனி பிடித்திருக்கிறது” என்கிறது அக்கம்பக்கம். திருநள்ளாறு நம் ஊரிலேயே இருக்கிறது. கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும், நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அவளுக்கு டாக்டரும் மாத்திரையும் வேண்டும். உள்ளூரில் டாக்டர் இல்லாத நாளில், மாத்திரை தீர்ந்துபோன நாளில், அவள் எங்கே போவாள்? புதுவைக்குப் போக வேண்டுமானால் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைத் தாண்டி 130 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். அவள் கூலியும் போயிற்று, துணைக்கு வருபவர் கூலியும் போயிற்று. இரண்டாவது மாதம் போகமாட்டாள்.

இது ஏதோ ஓரிரு வீட்டுச் சங்கதி அல்ல. தேசியக் குற்றப் பதிவு இலாகாவின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் தினக்கூலிகள் ஏராளம். 6,083 பேர் விவசாயத் தொழிலாளர்கள். நாடு முழுவதற்கும் லட்சத்துக்கு 12.4 என்றால், புதுவை மாநிலத்தில் 29.7. இவ்வளவு சின்ன மாநிலத்தில் இவ்வளவு பெரிய துக்கம்! இதற்குச் சட்டசபையில் எழுந்து நின்று பதில் சொல்லும் மந்திரி யார்?

“டில்லி பணம் தரவில்லை, லெப்டினன்ட் கவர்னர் கோப்பில் கையெழுத்துப் போடவில்லை” என்பது நமக்குப் பழக்கமான பாட்டு. அதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மாநில அந்தஸ்துக் கோரிக்கையை நாமும்தான் எழுப்பி வருகிறோம். ஆனால் இந்த விஷயத்தில் அந்தச் சால்ஜாப்பு செல்லாது. 2017-ல் பார்லிமெண்டில் நிறைவேறி 2018-ல் அமுலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், சட்டசபை உள்ள யூனியன் பிரதேசத்தில் பொறுப்புள்ள சர்க்கார் அந்தப் பிரதேசத்தின் சர்க்காரே என்று பச்சையாகச் சொல்கிறது. அதே சட்டம் இன்னும் சில சொல்கிறது. தொழிலாளர்கள் இவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலேயுள்ள எல்லாச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும், அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் எக்காலமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களிடம் வைத்தியத்திற்குக் காசு வாங்கக் கூடாது. குறைந்தபட்ச வசதி ஜில்லாவில் இல்லையென்றால், ஜில்லாவிலேயே வேறிடத்தில் பார்த்துக்கொண்ட செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது சர்க்காரின் கடமை. போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருக்க வேண்டியதில்லை.

யாரையும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. இது தானாக வந்த கருணை அல்ல. 2001 ஆகஸ்ட் 6-ல் ராமநாதபுரம் ஏர்வாடியில் தனியார் மனநோய் விடுதியொன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு கிடந்தவர்கள் ஓட முடியாமல் வெந்தார்கள். மாண்டவர்கள் 28 பேர். அவர்களை அங்கே கொண்டு விட்டவர்கள் கல்நெஞ்சர்களா? வேறு கதி தெரியாத ஏழைக் குடும்பங்கள். நம் தோழர்களிலேயே சிலர் “பைத்தியம்” என்று சொல்லிச் சிரிப்பதுண்டு. அதையும் நாம் விட்டொழிக்க வேண்டும்.

தனி மந்திரி போட்டால் தீர்ந்துவிடுமா? பிரிட்டனில் 2018-ல் தற்கொலைத் தடுப்புக்கென்றே ஒரு மந்திரியை அறிவித்தார்கள். கனடாவில் 2021-ல் மனநலத்துக்குத் தனி மந்திரி வந்தார். 2025-ல் மந்திரிசபை மாறியபோது அந்தப் பதவியே காணாமற்போயிற்று. பெயர்ப்பலகை நமக்குப் பெரிதல்ல. இருக்கிற சுகாதார மந்திரி பொறுப்பேற்றால் போதும். அந்தச் சட்டப்படி அமையும் மனநல ஆணையத்துக்குத் தலைவர் இலாகாச் செயலாளர். அவரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. அவரைக் கேள்வி கேட்க வேண்டியவர் மந்திரி. மந்திரியைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாம்.

ஆஸ்பத்திரியோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. இலங்கையில் 1980-களில் தொடங்கிக் கொடிய நச்சுப் பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று, விளைச்சல் குறைந்துவிடவில்லை. அதைச் செய்தது டாக்டர் அல்ல, விவசாய இலாகா. தொழில் மந்திரிக்கும் இதில் பங்குண்டு. 1936 ஜூலை 30-ல் புதுவை சவானா மில்லில் 12 தொழிலாளிகள் பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு இரையான போராட்டத்தில், எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையும் இருந்தது. அது உறங்குவதற்கான கோரிக்கையும்தான். இன்று ஒப்பந்தக் கூலியாக 12 மணி நேரம் நின்று, இரவும் பகலும் மாறி மாறி வேலை பார்க்கும் வாலிபனுக்கு மாத்திரை மட்டும் கொடுத்தனுப்பினால் அவன் எப்படித் தேறுவான்?

ஆகவே மந்திரியிடம் நாம் கேட்பது இதுதான். காரைக்கால் பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய் டாக்டர் வாரத்தில் எந்தெந்த நாள் இருப்பார் என்று பலகையில் எழுதி மாட்டுங்கள். கொம்யூன்களுக்கு மாதத்தில் எத்தனை முறை வருவார் என்றும் சொல்லுங்கள். சென்ற வருஷம் எத்தனை நாள் மாத்திரை இருப்பில் இல்லை என்ற கணக்கைச் சட்டசபையில் வையுங்கள். ஆணையத்தில் நோயுற்றுத் தேறியவர்களுக்கு இரண்டு இடமும், பராமரிப்பவர்களுக்கு இரண்டு இடமும் சட்டத்தில் உண்டு. அவற்றில் காரைக்கால் உழைப்பாளி ஒருவரை உட்கார வையுங்கள். காரைக்காலின் 5 சட்டசபை உறுப்பினர்களும், எந்தக் கட்சியானாலும், வரும் கூட்டத்தில் இதைக் கேட்க வேண்டும். நமது கிளைகள் அவர்கள் வீட்டுக்கே மனுவோடு போக வேண்டும்.

அதுவரை, வீட்டில் ஒருவர் வாட்டமாக, உயிரே வேண்டாம் என்பதுபோல் பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது 2022-ல் தொடங்கிய சர்க்கார் சேவை. காசில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். சங்க ஆபீஸ் கதவிலும் டீக்கடைச் சுவரிலும் இந்த எண்ணை எழுதி வையுங்கள்.