அது என்ன சத்தம்?

டெலிவிஷனில் ஐதீகப் பிராணிகளைத் தேடிக் காட்டுக்குள் போகிறவர்களை நான் கிண்டல் செய்வதாகவும், அது என் வறட்டுப் பகுத்தறிவின் இன்னொரு முகம் என்றும் கவிஞர் நண்பர் ஒருவர் சொல்லித் திரிகிறார். யெட்டி, பிக்ஃபுட், கடற்கன்னி எல்லாம் நவீன மனிதனுக்கு மிஞ்சியிருக்கும் கடைசிப் புராணங்களாம். அவற்றைத் தேடும் நிகழ்ச்சிகள் புராணத்தின் இன்றைய வடிவமாம். அவற்றிடம் நம்பகத்தன்மையை எதிர்பார்ப்பது கவிதையிடம் ரசீது கேட்பது போலாம். இந்தக் கடைசி வாக்கியம் அவருக்கே மிகவும் பிடித்துப்போயிருக்க வேண்டும். மூன்று இடங்களில் சொல்லியிருக்கிறார்.

நான் கவிதையிடம் ரசீது கேட்கவில்லை. ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்பவர்கள் அவர்கள்தான். உடம்புச் சூட்டைப் பதிவு செய்யும் காமிரா, இருட்டில் பார்க்கும் காமிரா, காலடியை வார்த்தெடுக்க பிளாஸ்டர், ஒலிப்பதிவுக் கருவி, அளவு நாடா, வரைபடம், நேரில் கண்ட சாட்சி என்று விஞ்ஞானக் கூடத்தின் தட்டுமுட்டு சாமான்கள் அத்தனையும் அவர்கள் முதுகில் இருக்கின்றன. புராணம் சொல்ல வந்தவன் எவன் அளவு நாடா கொண்டு வந்தான்? நிரூபிக்கப் போகிறேன் என்று புறப்பட்டவனிடம் நிரூபணம் எங்கே என்று கேட்டால், நான் கனவல்லவா காண்கிறேன் என்கிறான். கனவு என்று ஒப்புக்கொண்டு பார்க்க உட்கார்ந்தால், இதோ ஆதாரம் என்கிறான். இந்த இரட்டை நாக்கைத்தான் பம்மாத்து என்கிறேன்.

பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஆனிமல் பிளானெட் சானல் 2011இல் தொடங்கி 2018 வரை நடத்திய ‘ஃபைண்டிங் பிக்ஃபுட்’. பெயரைக் கவனியுங்கள். தேடுவது என்றில்லை, கண்டுபிடிப்பது என்று பெயர். ஏழு வருஷம், ஏறத்தாழ 100 எபிசோடுகள். ஒரு எலும்பு இல்லை, ஒரு பல் இல்லை, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு படம் இல்லை. பெயர் மட்டும் கடைசிவரை மாறவில்லை. குழுவின் தலைவருடைய குடும்பப் பெயர் மணிமேக்கர். இது என் கற்பனை அல்ல; ஆனாலும் பெயரை வைத்து ஒருவரைத் தாக்குவது அழகல்ல என்பதால் கடந்து போகிறேன்.

குழுவில் நாலு பேர். மூன்று பேர் விசுவாசிகள். நாலாவது ஒரு பெண், உயிரியல் படித்தவர், சந்தேகிப்பது அவர் உத்தியோகம். இந்த ஏற்பாடு மிகவும் சாமர்த்தியமானது. சந்தேகத்துக்கும் ஒரு நாற்காலி போட்டாயிற்று, இனி யார் குறை சொல்ல முடியும்? அவர் கரடி என்பார், மான் என்பார், வீடியோவில் தெரிவது கோட்டு போட்ட ஆள் என்பார். மற்றவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். அடுத்த வாரம் வேறொரு மாநிலம், வேறொரு காடு, அதே நாற்காலி. அவருடைய சந்தேகத்தால் நிகழ்ச்சியின் போக்கு ஒரு அங்குலம்கூட மாறுவதில்லை. சந்தேகத்தை வெளியேற்றுவதைவிட அதற்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது சௌகரியம் என்பது இந்த வியாபாரத்தின் முக்கியமான கண்டுபிடிப்பு.

ராத்திரியானதும் காட்டுக்குள் இறங்குகிறார்கள். திரை முழுக்கச் சாம்பலும் பச்சையும். ஒருவர் ஊளையிடுகிறார். இன்னொருவர் கட்டையால் மரத்தில் அடிக்கிறார். பிக்ஃபுட்டுகள் ஒன்றோடொன்று இப்படித்தான் பேசிக்கொள்ளுமாம்! பிடிபடாத ஒரு பிராணியின் பாஷை மட்டும் எப்படிப் பிடிபட்டது என்று யாரும் கேட்பதில்லை. சற்று மௌனம். ஒருவர் கையை உயர்த்துகிறார். அது என்ன சத்தம்? உடனே விளம்பரம். சோப்பும் காரும் முடிந்து திரும்பி வந்தால் அந்தச் சத்தம் போய்விட்டிருக்கும், வேறொன்றுக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஊளைக்குப் பதில் வந்தால் பிராணி இருக்கிறது. வராவிட்டால் பிராணி புத்திசாலி, ஜாக்கிரதையாக இருக்கிறது. எந்த விடை வந்தாலும் தோற்க முடியாத கேள்வியைக் கேள்வி என்று சொல்வது பாஷைக்குச் செய்யும் துரோகம். ‘இல்லை’ என்று வரக்கூடிய இடத்தில்தான் ‘இருக்கிறது’ என்ற சொல்லுக்கு அர்த்தம்.

இன்னொரு விஷயம் என்னை அதிகமாக உறுத்துகிறது. போகிற ஊரிலெல்லாம் கூட்டம் போட்டு, கண்டவர்கள் கை தூக்குங்கள் என்கிறார்கள். வயதான ஒருவர் எழுந்து, எத்தனையோ வருஷம் முன்பு ஒரு இரவு தான் பார்த்ததைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. இருட்டில் எதையோ பார்த்திருக்கிறார். பயந்திருக்கிறார். சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தப் பயம் நிஜம். ஒரு நல்ல கதாசிரியன் கையில் அது என்னவாகியிருக்கும்! டெலிவிஷன் என்ன செய்கிறது? அவரை அதே இடத்துக்கு அழைத்துப் போய், குழுவில் உயரமான ஆளை மரத்தடியில் நிறுத்தி, இவரைவிட உயரமா, குட்டையா என்று கேட்கிறது. ஒரு மனிதன் உள்ளே சுமந்த இருட்டு இரண்டு நிமிஷத்தில் அடியும் அங்குலமும் ஆகிவிடுகிறது. பிறகு அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த வியாபாரத்தின் வேரும் இப்படிப்பட்டதுதான். பிக்ஃபுட் என்ற பெயர் பரவியது 1958இல், வட கலிஃபோர்னியாவில் பிளஃப் க்ரீக் பக்கம் சாலை போட்ட இடத்தில் தென்பட்ட பெரிய காலடிகளை ஒரு உள்ளூர்ப் பத்திரிகை செய்தியாக்கியபோது. அந்தச் சாலை வேலையின் காண்ட்ராக்டர் ரே வாலஸ் 2002இல் இறந்ததும், அவர் குடும்பத்தார் மரத்தில் செதுக்கிய இரண்டு பெரிய பாதங்களை வெளியே எடுத்துக் காட்டினார்கள். 1967 அக்டோபர் 20 அன்று அதே பிளஃப் க்ரீக்கில்தான் ரோஜர் பாட்டர்ஸன் அந்தப் புகழ்பெற்ற ஒரு நிமிஷப் படத்தை எடுத்தார். அவர் அங்கே போனதே பிக்ஃபுட்டைப் பற்றிப் படம் எடுக்கத்தான். படம் எடுக்கப் போனவருக்குப் படத்துக்கு வேண்டியது நடந்து வந்தது. நடந்தது என்னவென்று நான் தீர்ப்பு சொல்லவில்லை. வரிசையை மட்டும் சொல்கிறேன். இன்றைய நிகழ்ச்சிகளும் இந்த வரிசையில்தான் வருகின்றன. முதலில் காமிரா, பிறகு பிராணி.

அடுத்த படி பிராணியையே உற்பத்தி செய்வது. அதே சானல் 2012 மே மாதம் கடற்கன்னிகளைப் பற்றி ஒரு ‘ஆவணப்படம்’ ஒளிபரப்பியது. விஞ்ஞானிகளாக வந்தவர்கள் நடிகர்கள். கண்டெடுத்த உடல் கம்ப்யூட்டர் வேலை. கற்பனை என்ற அறிவிப்பு, கண் சிமிட்டினால் தவறிவிடும் அளவுக்கு. நம்பியவர்கள் கேட்ட கேள்விகளின் விளைவாக, அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகம் நீரில் வாழும் மனித உருவங்களுக்கு ஆதாரம் ஏதும் கிடைத்ததில்லை என்று அறிக்கை வெளியிட வேண்டி வந்தது. 2013 மே மாதம் இரண்டாம் பாகம். 36 லட்சம் பேர் பார்த்தார்கள், அந்த சானலின் சரித்திரத்தில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. அதே வருஷம் ஆகஸ்டில் தாய் சானலான டிஸ்கவரி, லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே அற்றுப்போன மெகலொடான் சுறா இன்னும் உயிரோடு இருக்கிறது என்று காட்டியது. அதிலும் நடிகர் ஒருவர் விஞ்ஞானியாக வந்தார். பார்த்தவர்கள் 48 லட்சம். சந்தையின் பாஷையில் இதற்குப் பெயர் வெற்றி. 2015இல் டிஸ்கவரியின் புதிய தலைவர், இனி இந்த மாதிரிப் போலிப் படங்கள் வராது என்று அறிவித்தார். கணக்கு முடித்த பிறகு வந்த ஒழுக்கம். இருந்தாலும் வரவேற்போம்.

‘எல்லாருக்கும் இது பொழுதுபோக்கு என்று தெரியும்’ என்ற சால்ஜாப்பு இங்கே எடுபடாது. தெரிந்திருந்தால் அரசாங்க இலாகா அறிக்கை விட்டிருக்காது. நடிகரை வைத்துக்கொண்டால்கூட ஒரு தளத்தில் மன்னித்துவிடலாம். லூசியானாவின் உப்பங்கழிகளில் சுறாக்களை ஆராய்ந்துகொண்டிருந்த உண்மையான ஆராய்ச்சியாளர் ஒருவரிடம் அவர் வேலையைப் பற்றிப் பேட்டி எடுத்து, அதை வெட்டி ஒட்டி, ஊர்க்கதையில் வரும் ராட்சதச் சுறா ஒன்றைப் பற்றிய பேச்சாக 2013இல் காட்டினார்களே, அதை எந்தத் தளத்தில் மன்னிப்பது? ஒரு மனிதனின் வாயிலிருந்து அவன் சொல்லாததை வரவழைப்பதைப் புராணம் என்று நண்பர் சொல்வாரானால், பிறகு எங்களுக்குள் பேச ஒன்றுமில்லை.

டெலிவிஷன் என்பதாலேயே பொய் என்று நான் வாதிடவில்லை. 1960இல் எட்மண்ட் ஹில்லரி யெட்டியைத் தேடி இமயத்துக்குப் போனபோது, சிகாகோ மிருகக்காட்சி சாலையின் இயக்குநர் மார்லின் பெர்க்கின்ஸ் கூடப் போனார். டெலிவிஷனில் மிருகங்களைக் காட்டிப் பெயர் பெற்றவர் அவர். அவருக்கும் யெட்டி கிடைத்தால் யோகம்தான். அவர் கண்டது வேறு: நிழலில் நரியின் சின்னக் காலடிகளாக இருந்த அதே தடம், வெயில் படும் இடத்தில் பனி உருகி ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய மனிதக் காலடியாக மாறியிருந்தது. கண்டதைக் கண்டபடி சொன்னார். கும்ஜுங் கிராமத்து யெட்டி ‘மண்டைத்தோல்’ மலையாட்டு இனத்தைச் சேர்ந்த செரோவின் தோல் என்று தெரிந்தது. அதையும் சொன்னார்கள். 2017இல் யெட்டியுடையவை என்று கருதப்பட்ட ஒன்பது மாதிரிகளின் டி.என்.ஏ.வைப் பரிசோதித்தபோது எட்டு கரடி, ஒன்று நாய். இந்த ஆராய்ச்சிக்கு மாதிரி திரட்டியதிலும் ஒரு டெலிவிஷன் படக் கம்பெனிக்குப் பங்குண்டு. ஆக, முடியும். உருகும் பனியில் நரி பூதமாவதைப் போல ஸ்வாரஸ்யமான காட்சி அந்த 100 எபிசோடுகளில் எதில் இருக்கிறது?

புராணத்தைக் காப்பாற்றுவது பற்றி நண்பர் மிகவும் கவலைப்படுகிறார். புராணத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். 1921இல் எவரெஸ்ட் பக்கம் போன ஹோவர்ட்-பரி பனியில் சில தடங்களைக் கண்டார், ஓநாயாக இருக்கலாம் என்றார். சுமைதூக்கிகள் ‘மெட்டோ-காங்மி’ என்றார்கள். கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகைக்கு எழுதிய ஹென்றி நியூமன் அந்த முதல் சொல்லை ‘அழுக்கான’ என்று புரிந்துகொண்டு, அதையும் இன்னும் கொஞ்சம் காரமாக்கி, ‘அருவருப்பான பனிமனிதன்’ என்று உலகத்துக்குக் கொடுத்தார். உலகம் நூறு வருஷமாகத் தேடிக்கொண்டிருப்பது ஷெர்பாக்களின் பிராணியையா, ஒரு நிருபரின் மொழிபெயர்ப்பையா? மலைக்காரர்களுக்கு அது எங்கே போகக்கூடாது, எதற்குப் பயப்பட வேண்டும் என்பதோடு சேர்ந்த விஷயம். வெளியிலிருந்து வந்தவனுக்கு அது மியூசியத்தில் காலியாக இருக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி.

பாங்போச்சே மடத்தில் யெட்டியின் கை என்று ஒரு கை இருந்தது. 1950களின் இறுதியில் டெக்ஸாஸ் எண்ணெய் முதலாளி டாம் ஸ்லிக்கின் பணத்தில் தேட வந்த பீட்டர் பர்ன், அதிலிருந்து ஒரு விரலை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மனித விரலெலும்பை வைத்துவிட்டுப் போனார். விரல் லண்டன் போய்ச் சேர்ந்தது. 2011இல் எடின்பரோவில் பரிசோதித்தார்கள். அதுவும் மனித விரல்தான். அதற்கு முன்பே, ஒரு அமெரிக்க டெலிவிஷன் தொடரில் காட்டப்பட்ட பின், 1990களில் அந்தக் கை முழுவதுமே மடத்திலிருந்து களவு போய்விட்டது. 2011இல் நியூஸிலாந்தில் செய்த ஒரு நகலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கை மனிதனுடையதா, மிருகத்தினுடையதா என்பது அந்த மடத்துக்கு ஒருபோதும் கேள்வியாக இருந்ததில்லை. கேள்வி கேட்டவர்களுக்கு விடை கிடைத்தது. மடத்துக்குக் கை இல்லை. புராணத்துக்கு உங்கள் தேடல் நிகழ்ச்சிகள் செய்த உபகாரத்தின் கணக்கு இது.

கடைசியாக ஒரு சீட்டு இருக்கிறது, எப்போதும் அதை இறக்குவார்கள்: சீலகாந்த் மீன். அழிந்தே போயிற்று என்ற மீன் 1938இல் தென்னாப்பிரிக்காவில் கிடைக்கவில்லையா? கிடைத்தது. ஈஸ்ட் லண்டன் என்ற ஊரின் சிறிய மியூசியத்தில் வேலை பார்த்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் மீன்பிடி படகுக்காரர்களோடு பழகி வைத்திருந்தார், வித்தியாசமாக எது வந்தாலும் சொல்லியனுப்பினார்கள். போய்ப் பார்த்தார், நாறும் மீனை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். யாரும் ஊளையிடவில்லை. 1992இல் வியட்நாமின் வூ குவாங் காட்டில் உலகத்துக்கே புதிதான ஒரு பெரிய மிருகம் தெரியவந்தது, சவோலா. வேட்டைக்காரர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கொம்புகளைப் பார்த்துத்தான் விஞ்ஞானிகள் கண்டுகொண்டார்கள். ஊர்க்காரன் சொன்னதை நம்பினார்கள். அவன் காட்டியதைத் தொட்டும் பார்த்தார்கள். நீண்ட கொம்பு, முகத்தில் வெள்ளைக் கோடுகள், யாரும் எளிதில் பார்க்க முடியாத கூச்சம். ஐதீகப் பிராணிக்கு வேண்டிய லட்சணம் எல்லாம் அதற்கு உண்டு. காட்டில் வைத்த தானியங்கிக் காமிராக்களில் விழுந்ததே சில தடவைதான், 2013இல் ஒருமுறை. காட்டில் கம்பிக் கண்ணிகள் மண்டிக் கிடக்கின்றன, அது அழியும் விளிம்பில் நிற்கிறது. அதைத் தேடி 100 எபிசோடு எடுக்க எந்த சானலும் முன்வரவில்லை.