யாவ் மிங் கதையில் நான் சொல்லாமல் விட்ட பாதி

கொஞ்சம் நீளமான பதிவு. விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டார் பொறுமையாக முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

முந்தாநாள் இரவு என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவருடைய மகன் பத்தாம் வகுப்பு, கூடைப்பந்து ஆடுகிறான். மாநில அணித் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். பையன் பத்து நாளாகப் பாதம் வலிக்கிறது என்கிறானாம். "மூணு வாரம்தானே சார், அது முடிஞ்சதும் டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்னு நினைக்கிறேன். நீங்கதான் அவனுக்கு ரெண்டு வார்த்தை தைரியம் சொல்லணும். எங்களுக்கு யாவ் மிங் கதை சொல்வீங்களே, அதைச் சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்தக் கதையை நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

யாவ் மிங் சீனாவின் ஷாங்காயில் 1980இல் பிறந்தவர். உயரம் 7 அடி 6 அங்குலம். அப்பா, அம்மா இருவருமே கூடைப்பந்து ஆடியவர்கள். 2002இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி அவரை எடுத்தது. சீனா அவரை அனுப்பிவைத்தபோது ஒரு நிபந்தனை இருந்தது. நாட்டு அணிக்குத் தேவைப்படும்போது வந்து ஆட வேண்டும். ஆக, மற்ற வீரர்கள் ஓய்வெடுக்கும் கோடை மாதங்களிலும் அவருக்கு ஓய்வு குறைவு. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக். 2006 ஏப்ரலில் இடது பாதம் உடைந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானில் உலகக் கோப்பை ஆடினார். அந்த டிசம்பரில் வலது கால் எலும்பு முறிந்தது.

2008 ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக். சொந்த மண். அந்த பிப்ரவரியில் ராக்கெட்ஸ் தொடர்ந்து 12 ஆட்டங்களை வென்றிருந்தது. அப்போதுதான் அவருடைய இடது பாதத்தில் அழுத்தத்தால் வந்த எலும்பு விரிசல் தெரிந்தது. ஒலிம்பிக்கில் ஆட முடியாமல் போனால் அதுதான் தன் ஆட்ட வாழ்வின் பெரிய இழப்பு என்று சொன்னார். மார்ச் தொடக்கத்தில் அறுவை சிகிச்சை, எலும்பில் திருகாணிகள். ஆகஸ்ட் 8 அன்று தேசியக் கொடியோடு அரங்கத்துக்குள் நடந்து வந்தார்.

அந்தக் காட்சி பலருக்கு நினைவிருக்கும். பக்கத்தில் ஒரு சிறுவன், லின் ஹாவ், வயது 9. அந்த மே மாதம் சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளி இடிந்தபோது தான் தப்பித்த பிறகும் இரண்டு சக மாணவர்களைக் காப்பாற்றியவன். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, நான் வகுப்புத் தலைவன், அது என் பொறுப்பு என்றானாம். வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தப் படத்தைச் செய்தித்தாளில் இருந்து வெட்டி எட்டாம் வகுப்புப் பலகையில் ஒட்டினேன். ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தொலைவிலிருந்து மூன்று புள்ளிப் பந்து போட்டு யாவ் மிங் ஆட்டத்தைத் தொடங்கியதையும் சொன்னேன். சீனா 70-101 என்று தோற்றாலும், கால் இறுதி வரை போனதையும் சொன்னேன்.

அந்த ஆண்டே குறுவட்டப் போட்டிக்கு எங்கள் பள்ளியின் கோ-கோ அணியை நான்தான் அழைத்துப் போக வேண்டியிருந்தது. அணியில் வேகமாக ஓடுகிற ஒரு பெண். போட்டிக்கு நான்கு நாள் முன்பு வந்து, "சார், முழங்காலுக்குக் கீழ எலும்பு வலிக்குது" என்றாள். பலகையில் இருந்த படத்தைக் காட்டினேன். "இவரு கால் உடைஞ்சும் நாட்டுக்காக ஆடலையா? நாலு நாள் பொறுத்துக்கம்மா" என்றேன். கிரேப் பேண்டேஜ் சுற்றிவிட்டேன். அவளும் ஓடினாள். ஜெயித்தோம். கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டோம். பேருந்தில் ஏறும்போது அவளால் படியில் கால் வைக்க முடியவில்லை.

அரசு மருத்துவமனையில் மயிரிழை விரிசல் என்றார்கள். முதலிலேயே ஓட்டத்தை நிறுத்தியிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்றார் டாக்டர். மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "நீங்க சொன்னா கேட்டுக்குவா சார், அதான் ஓடிட்டா" என்றார். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை பிறகு மைதானத்துக்கே வரவில்லை.

நான் அவளிடம் சொல்லாமல் விட்டது என்ன? யாவ் மிங் விரிசலோடு ஒலிம்பிக் ஆடவில்லை. விரிசல் தெரிந்ததும் அந்த ஆண்டு என்.பி.ஏ. ஆட்டம் முழுவதையும் விட்டுவிட்டார். அறுவை சிகிச்சை செய்து, எலும்பு கூடும்வரை காத்திருந்து, ஜூலை நடுவில்தான் மீண்டும் களம் இறங்கினார். அவர் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு ராக்கெட்ஸ் என்ன ஆனது? இன்னும் 10 ஆட்டங்கள் தொடர்ந்து வென்று 22 ஆக்கியது. ஓர் ஆள் உட்கார்ந்தால் அணி செத்துவிடாது. "நீ இல்லாட்டி டீமே இல்ல" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அது அவர்கள் தோளில் நாம் ஏற்றும் சுமை.

கதையின் அடுத்த பகுதியையும் பார்ப்போம். ஒலிம்பிக் முடிந்த அடுத்த பருவத்தில் அவர் 77 ஆட்டங்கள் ஆடினார். 2009 மே மாதம் அதே இடது பாதத்தில் மீண்டும் விரிசல். பாதத்தின் வளைவையே மாற்றியமைக்கும் பெரிய அறுவை சிகிச்சை. ஒரு பருவம் முழுவதும் ஆடவில்லை. திரும்பி வந்து 5 ஆட்டங்கள்தான் ஆடினார், கணுக்காலில் மறுபடியும் விரிசல். 2011 ஜூலையில் ஓய்வு அறிவித்தபோது வயது 30.

ஒலிம்பிக் ஆடியதால்தான் அவர் கால் போனது என்று நான் சொல்லவில்லை. அந்த உயரமும் எடையும் பாதத்தில் ஏற்றும் பாரம் சாதாரணமானது அல்ல. என் கேள்வி வேறு. வருடா வருடம் இடைவெளி இல்லாமல் அந்தப் பாதத்தின் மேல் நாட்டையும் அணியையும் ஏற்றி வைத்தவர்களில் எத்தனை பேர் அதற்கும் ஓய்வு வேண்டும் என்று யோசித்தார்கள்? அத்தனை கோடிப் பேர் காத்திருக்கும்போது ஒரு மனிதனால் "எனக்கு வலிக்கிறது" என்று எளிதாகச் சொல்லிவிட முடியுமா? ஒரு வாத்தியாரும் அப்பாவும் காத்திருந்தாலே பத்தாம் வகுப்புப் பையனால் சொல்ல முடியவில்லையே!

சான்றிதழ் வேண்டும், விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைக்கும் என்பீர்கள். உண்மைதான். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய வழி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஆண்டு விட்டால் அடுத்த ஆண்டு தேர்வு உண்டு. விரிசல் முழு முறிவானால் அடுத்த ஆண்டும் இருக்காது. யாவ் மிங்குக்குக் கூடவே அணி டாக்டர்கள், பணம், எல்லாம் இருந்தது. அப்படியும் 30 வயதில் முடிந்தது. நம் பிள்ளைக்கு இருப்பது ஒரு ஸ்பிரேயும் பேண்டேஜும்.

பெற்றோருக்கும் பி.இ.டி. ஆசிரியர்களுக்கும் மூன்றே வார்த்தை. ஓடினால் கூடி, உட்கார்ந்தால் குறையும் வலி, விரலால் தொட்டுக் காட்டும்படி எலும்பின் ஓரிடத்தில் இருந்தால், அன்றே ஆட்டத்தை நிறுத்துங்கள். எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம், அதனால் "ஒண்ணுமில்ல" என்று மறுநாளே மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். வலி மாத்திரை போட்டு ஆடவிடவே விடாதீர்கள். அது வலியைத்தான் மறைக்கும், விரிசலை ஒட்டாது.

என் மாணவரிடம் இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பையன்கிட்ட குடுக்கட்டுமா சார்?" என்றார். கொடுக்கச் சொன்னேன். "வலிக்குதுன்னு சொன்னியே, நல்ல காரியம் பண்ணினடா தம்பி. நாளைக்கு அப்பாகூட ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன். "சரிங்க தாத்தா" என்றான். குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

பதினெட்டு வருடம் முன்பு இன்னொரு பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. அவள் இந்தப் பதிவைப் படித்தால், அம்மா, இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.

மற்றவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.