அரை வக்கீல் என்னும் அவதூறு

சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களே சமுதாயக் கல்லூரியில் சட்ட உதவியாளர் படிப்புக்குச் செல்வார்கள் என்றும், ஓராண்டில் சட்டம் பயின்றவர் ஏழைகளின் வழக்கைக் கெடுக்கும் அரை வக்கீலாகவே முடிவார் என்றும் நம் படித்த வர்க்கத்தாரிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றிக் கிடக்கிறது. ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்ற பழமொழியையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறார்கள். இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பட்டாசுக் கிராமங்களில் இதனால் விளையும் தீங்கு அவ்வளவு பெரிது.

அர்ஜுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில், ஆடிக் கடைசி வெள்ளியன்று மாரியம்மனிடம் முறையிட வரும் தாய்மாருள் எத்தனையோ பேர் பட்டாசு ஆலைகளில் கூலி வேலை செய்கிறவர்கள். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூரை அடுத்த அச்சன்குளத்திலும் நேர்ந்த கோர விபத்துகளை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அச்சன்குளத்து ஆலை பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. அத்தகைய இடத்தில் உரிமம் பெற்றவர் ஒருவர், கூலி கொடுப்பவர் மற்றொருவர். இறந்தவர் பெயர் இ.எஸ்.ஐ. பதிவில் ஏறியிருந்தால் பரிகாரம் ஒரு வழி, ஏறாவிட்டால் வேறு வழி.

அப்போது நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமோ, மரணத்துக்குரிய தொகையை முதலாளி ஆணையரிடமே செலுத்த வேண்டும் என்றும், சிறு முன்பணம் போகக் குடும்பத்தார் கையில் நேரே கொடுத்தது இழப்பீடாகக் கருதப்படாது என்றும், உரிமையைக் கைவிட்டு எழுதித் தந்த ஒப்பந்தம் செல்லாது என்றும், இரண்டாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்றும் தெளிவாகவே விதித்திருந்தது. சாவு வீட்டில் யாரோ நீட்டும் காகிதத்தில் கைநாட்டு வைக்கப்போகும் பெண்ணுக்கு இவற்றை எடுத்துச் சொல்ல வாதத் திறமை எதற்கு? அன்று மாலைக்குள் அவள் திண்ணைக்கு வந்து உட்காரக்கூடிய, விஷயம் தெரிந்த ஒருவர் போதும். அவர் இல்லாத இடத்தில்தான் தரகர் வந்து உட்காருகிறார்.

வக்கீல் இல்லாத குறையன்று இது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், வருமானம் பாராமலே பெண்களுக்கும் தொழிலாளருக்கும் இலவச வக்கீலை அளிக்கிறது. மாவட்ட ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, கூலிக்கான ஆதாரம் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு அந்த வாசலை மிதிக்க வைப்பவர்தான் அகப்படுவதில்லை. 2009-இல் தேசிய ஆணைக்குழு வகுத்த சட்டத் தன்னார்வலர் திட்டம் போற்றத் தக்கதே. ஆயினும் இவ்வளவு பொறுப்பான காரியத்தைச் சில நாள் பயிற்சியிடமும் தொண்டு மனப்பான்மையிடமும் ஒப்படைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. செவிலியரை அரை மருத்துவர் என்று எவரும் இகழ்வதில்லை. அவர் தொழில் வேறு, அதற்குரிய படிப்பும் வேறு. நம்மவர் திரளாக வாழும் டொரண்டோ அடங்கிய ஒண்டாரியோ மாகாணத்தில், 2007 முதல் வழக்கறிஞர் சங்கமே சட்ட உதவியாளருக்கு உரிமம் வழங்கிச் சிறு வழக்கு மன்றங்களில் முன்னிலையாக அனுமதிக்கிறது.

வழக்கறிஞர் தொழில் 1961-ஆம் ஆண்டின் சட்டப்படி வழக்கறிஞருக்கே உரியது. அதில் நம் சட்ட உதவியாளர்கள் பங்கு கேட்கவில்லை. ஆனால் மேற்சொன்ன இழப்பீட்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஆணையரின் அனுமதி பெற்று, கட்சிக்காரர் எழுத்துமூலம் அதிகாரம் அளித்த வேறு எவரும் அவர் சார்பில் முன்னிலையாகலாம் என்று இடம் தந்திருந்ததே! சட்டமே நம்பிய அந்தச் சாமானியரை முறையாகப் பயிற்றுவிக்க நமக்கு என்ன தடை? 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரிக்கு வழி திறந்து ஒரு தலைமுறைக் காலம் ஆகிவிட்டது; சாத்தூரிலோ சிவகாசியிலோ அத்தகைய கல்லூரி ஒன்றில் இந்தப் படிப்பைத் தொடங்கி, மருந்துக் கரி படிந்த கைகளையுடைய குடும்பங்களின் பெண்களுக்கே முதல் இடங்களை ஒதுக்க வேண்டும்.